நடுகல்லில் ஒரு வரி, கணினியில் ஒரு வரி: பதிப்பு எண் வந்த கதை

இது கொஞ்சம் நீளமான பதிவு. நேரம் இருக்கும்போது நிதானமாகப் படியுங்கள்.

பெங்களூரில் மென்பொருள் வேலை பார்க்கும் என் மாணவர் ஒருவர் சில நாட்களுக்கு முன் பேசும்போது, "சார், இப்பெல்லாம் வெர்ஷன் நம்பரை நாங்க போடறதில்லை. வேலை முடிஞ்சதும் நாங்க எழுதற ஒரு வரியைப் படிச்சு மெஷினே நம்பர் போட்டு வெளியிட்டுடுது" என்றார். அவருக்கு அது அன்றாட வேலை. வரலாற்று ஆசிரியனாக இருந்த எனக்கோ, இது நம் தருமபுரி மண்ணுக்கு மிகவும் பழக்கமான சங்கதியாகத் தோன்றியது. ஒரு குறிப்பிட்ட ஒழுங்கில் எழுதப்பட்ட ஒரு வரியை வைத்துக்கொண்டு, இது எந்தக் காலம், என்ன நடந்தது, யார் செய்தது என்று கண்டுபிடிப்பதுதானே கல்வெட்டுப் படிப்பவர்களின் வேலை. அதனால் இந்தக் கதையை நம்மூரிலிருந்தே தொடங்குகிறேன்.

கல்லில் எழுதிய ஒழுங்கு

தமிழ்நாட்டில் நடுகற்கள் அதிகம் கிடைக்கும் பகுதி தருமபுரி, கிருஷ்ணகிரி, திருவண்ணாமலை, வேலூர் வட்டாரம். தருமபுரி நகரில் உள்ள அகழ்வைப்பகத்துக்குப் போனால் வரிசையாகப் பார்க்கலாம். எழுத்துள்ள கற்களில் நாலைந்து படித்ததுமே ஒன்று புரியும். எழுதியவர் மனம்போன போக்கில் எழுதவில்லை. முதலில் அரசன் பெயர். அடுத்து அவன் ஆட்சியில் எத்தனையாவது 'யாண்டு'. பிறகு நாடு, ஊர், தலைவன். பிறகு என்ன நடந்தது என்ற செய்தி. பெரும்பாலும் 'தொறு', அதாவது மாட்டு மந்தை, கவர்ந்த சண்டை அல்லது மீட்ட சண்டை. கடைசியில் 'பட்டான்' என்று இறந்தவன் பெயரும், 'கல்' என்ற சொல்லும்.

செங்கம் பக்கம் எடுத்தனூரில் ஒரு கல் இருக்கிறது. முதலாம் மகேந்திரவர்மனின் 34-ஆம் ஆட்சியாண்டில், கருந்தேவக்கத்தி என்பவன் எருமைகளைக் காக்கப் போராடி இறந்ததைச் சொல்வது அது. அவனுடைய நாய் கோவிவன் இரண்டு கள்வர்களைக் கடித்து, அவன் அருகிலேயே நின்றதையும் சொல்கிறது. கல்லில் நாயின் உருவமும் உண்டு. சில வரிகள்தான். ஆனால் எப்போது, யார், என்ன, எதற்காக என்ற நான்கும் இருக்கின்றன. சுமார் 1400 ஆண்டுகள் கழித்தும் நம்மால் அந்த நாயின் பெயரைச் சொல்ல முடிகிறதென்றால், அந்த ஒழுங்குதான் காரணம்.

கல்லை நடுவதற்கும் ஒழுங்கு இருந்தது. தொல்காப்பியம் அதைக் காட்சி, கால்கோள், நீர்ப்படை, நடுதல், பெரும்படை, வாழ்த்து என்று ஆறு படிகளாகச் சொல்கிறது. ஒன்று முடிந்தபின்தான் அடுத்தது. இதை மனதில் வைத்துக்கொள்ளுங்கள், பிறகு தேவைப்படும்.

எண் மட்டும் போதாது

ஆட்சியாண்டு என்பது ஒரு எண். எண் இருந்தால் எல்லாம் தெளிவாகிவிடும் என்று நினைப்போம். ஆகாது. சோழ மன்னர்கள் இராசகேசரி, பரகேசரி என்ற பட்டங்களை மாற்றி மாற்றி வைத்துக்கொண்டார்கள். தந்தை இராசகேசரி என்றால் மகன் பரகேசரி, பேரன் மறுபடி இராசகேசரி. ஆகவே 'பரகேசரிவர்மர்க்கு யாண்டு 4' என்று மட்டும் ஒரு கல்வெட்டு சொன்னால், எந்தப் பரகேசரி என்று ஆய்வாளர்கள் எழுத்தமைதியையும் ஊர்ப்பெயர்களையும் வைத்து மன்றாட வேண்டியிருக்கிறது.

இதற்கு ஒரு நல்ல தீர்வு முதலாம் இராசராசன் காலத்தில் (985-1014) வந்தது. கல்வெட்டின் தொடக்கத்தில் மெய்க்கீர்த்தி. மன்னன் என்னென்ன வென்றான் என்ற பட்டியல் அது. ஆட்சி வளர வளரப் பட்டியலும் வளர்ந்தது. ஆண்டு எண் சிதைந்துபோன கல்வெட்டைக்கூட, எந்த வெற்றி வரை பட்டியலில் இருக்கிறது என்று பார்த்து, ஏறத்தாழ எந்த ஆண்டு என்று சொல்லிவிடலாம். இன்றைய மென்பொருள்காரர்கள் 'சேஞ்ச்லாக்' என்று ஒரு கோப்பு வைத்திருக்கிறார்கள். எந்தப் பதிப்பில் என்ன மாறியது என்ற பட்டியல். மெய்க்கீர்த்தியும் ஒருவகையில் அதுதான். என்ன, அதில் தோல்விகளை எழுத மாட்டார்கள்!

பாண்டியர்களிடம் இன்னும் வேடிக்கை. 'யாண்டு இரண்டாவதின் எதிர் பதிமூன்றாவது' என்ற முறையில் இரண்டு எண்களைச் சேர்த்து எழுதுவார்கள். பொதுவாக இரண்டையும் கூட்டி 15-ஆம் ஆட்சியாண்டு என்று கொள்கிறார்கள். கணினிப் பிள்ளைகள் பார்த்தால் 2.13 என்று படித்துவிடுவார்கள்.

எண் மாறினால் என்ன கெடும் என்பதற்கு நம் மாவட்டமே சாட்சி. 1965 அக்டோபர் 2-ல் சேலத்திலிருந்து பிரிந்து தருமபுரி மாவட்டம் உருவானது. 2004 பிப்ரவரி 9-ல் கிருஷ்ணகிரி தனி மாவட்டமானது. இடைப்பட்ட காலத்தில் அச்சான ஆய்வு நூலில் 'தருமபுரி மாவட்டம்' என்று போட்டிருக்கும் ஊர், இன்று கிருஷ்ணகிரியில் இருக்கலாம். நூலின் ஆண்டைப் பார்க்காமல் கிளம்பினால் பேருந்தில் தப்பான திசையில் போக வேண்டியதுதான். பழைய முகவரி செல்லாமல்போகும் இப்படிப்பட்ட மாற்றத்தைத்தான் மென்பொருள் உலகில் 'பிரேக்கிங் சேஞ்ச்' என்கிறார்கள்.

கணினிக்கு வந்த கணக்குப்புத்தகம்

இனி கணினிக்கு வருவோம். ஒரு நிரலை நாளும் திருத்துகிறோம். நேற்று எப்படி இருந்தது, யார் மாற்றினார், ஏன் மாற்றினார் என்று குறித்து வைக்க ஒரு கருவி வேண்டும். 1972-ல் அமெரிக்காவின் பெல் ஆய்வகத்தில் மார்க் ராக்கைண்ட் என்பவர் எஸ்சிசிஎஸ் என்ற கருவியை உருவாக்கினார். 1982-ல் வால்டர் டிச்சியின் ஆர்சிஎஸ், 1986-ல் டிக் க்ரூனின் சிவிஎஸ், 2000-ல் சப்வெர்ஷன், 2005-ல் லினக்ஸைத் தந்த லினஸ் டோர்வால்ட்ஸின் கிட். இன்று கிட்தான் எங்கும்.

கிட்டில் ஒரு மாற்றத்தைப் பதிவு செய்வதற்குப் பெயர் கமிட். ஒவ்வொரு கமிட்டோடும் ஒரு சிறு செய்தி எழுத வேண்டும். அந்தச் செய்தியில் பலரும் பல காலம் 'அப்டேட்', 'சின்ன திருத்தம்', 'ஃபைனல்', 'ஃபைனல் 2' என்றுதான் எழுதினார்கள். நடுகல்லில் 'ஒருத்தர் இறந்தார்' என்று மட்டும் எழுதியது போல.

வெளியிடும் பதிப்பு எண்ணும் அவரவர் விருப்பம்தான். டெக் என்ற அச்சுக்கோப்பு மென்பொருளை உருவாக்கிய டொனால்ட் நூத், ஒவ்வொரு திருத்தத்துக்கும் 'பை' எண்ணில் ஓர் இலக்கம் கூட்டினார்: 3.14, 3.141, 3.1415 என்று. 2021 வெளியீட்டின் எண் 3.141592653. அழகுதான். ஆனால் அந்த எண்ணைப் பார்த்து, புதிய பதிப்பைப் போட்டால் நம் வேலை கெடுமா கெடாதா என்று சொல்ல முடியாது.

அது ஏன் முக்கியம் என்கிறீர்களா? இன்று யாரும் ஒரு மென்பொருளை முழுதாகத் தாமே எழுதுவதில்லை. மற்றவர்கள் எழுதி வைத்த 'லைப்ரரி'களை எடுத்துக் கோக்கிறார்கள். வீடு கட்டுபவர் செங்கல்லைச் சூளையிலிருந்தும் கதவைத் தச்சரிடமிருந்தும் வாங்குவது போல. ஒரே வேறுபாடு, வாங்கிய கதவை இங்கே தச்சர் தொலைவிலிருந்தே மாற்றிக்கொண்டிருப்பார். நம் வீட்டுக் கதவு மறுநாள் காலையில் இரண்டு அங்குலம் அகலமாகிவிட்டால்?

மூன்று எண்களின் வாக்குறுதி

இதற்குத்தான் கிட்ஹப் நிறுவனர்களில் ஒருவரான டாம் பிரெஸ்டன்-வெர்னர் 'செமாண்டிக் வெர்ஷனிங்' என்ற விதிகளை எழுதினார். அதன் 2.0.0 பதிப்பு 2013-ல் வந்தது. பதிப்பு எண் மூன்று பகுதி. 4.2.7 என்று வைத்துக்கொள்ளுங்கள். பழுது மட்டும் நீக்கினால் கடைசி எண் கூடும்: 4.2.8. பழையது கெடாமல் புதிய வசதி சேர்த்தால் நடு எண்: 4.3.0. பழைய பயன்பாடு செல்லாது என்றால் முதல் எண்: 5.0.0. எண்ணைப் பார்த்தாலே எவ்வளவு பயப்படலாம் என்று தெரிந்துவிடும்.

தமிழில் ஒரு உதாரணம் சொல்கிறேன். தமிழ் எழுத்துகளைப் பிரித்து எண்ணுவதற்கென்றே லைப்ரரிகள் உண்டு. முத்து அண்ணாமலை தொடங்கிய 'ஓப்பன் தமிழ்' அப்படி ஒன்று. ஏன் தேவை என்றால், 'கொடி' என்பது நமக்கு இரண்டு எழுத்து. யூனிகோடில் அது நான்கு குறியீடுகள். இப்போது நீங்களே அப்படி ஒரு லைப்ரரி எழுதுவதாகக் கற்பனை செய்யுங்கள். 'கொடி'க்கு 4 என்று காட்டிய பிழையைத் திருத்தி 2 ஆக்கினால் அது பழுது நீக்கம். கிரந்த எழுத்துகளைத் தனியே பட்டியலிடும் வசதி சேர்த்தால் அது புதிய வசதி. எண்ணும் கட்டளையின் பெயரையே மாற்றினால், பழைய பெயரில் அழைத்த எல்லோருடைய நிரலும் நின்றுபோகும். அது முறிக்கும் மாற்றம்.

அடுத்த படிதான் என் மாணவர் சொன்னது. கூகுளின் ஆங்குலர் ஜேஎஸ் குழுவினர் கமிட் செய்திக்கு ஒரு ஒழுங்கு வகுத்தார்கள். வரியின் முதல் சொல்லே வகையைச் சொல்ல வேண்டும். 'ஃபிக்ஸ்' என்றால் பழுது நீக்கம். 'ஃபீட்' என்றால் புதிய வசதி. 'டாக்ஸ்' என்றால் ஆவணம் மட்டும். பழையதை முறிக்கும் மாற்றமானால் செய்தியின் அடியில் 'பிரேக்கிங் சேஞ்ச்' என்று எழுதி விளக்க வேண்டும். இப்படி எழுதினால் மாற்றப் பட்டியலை ஒரு நிரலே தயாரித்துவிடும் என்பது அவர்கள் நோக்கங்களில் ஒன்று. இதே ஒழுங்கு பின்னர் பொதுவிதியாகி, 'கன்வென்ஷனல் கமிட்ஸ்' என்ற பெயரில் 2019-ல் 1.0.0 ஆக வந்தது.

வகை எழுதியாயிற்று என்றால் எண்ணை மனிதர் போடுவானேன்? அந்தக் கேள்வியில் பிறந்ததுதான் 'செமாண்டிக் ரிலீஸ்' என்ற கருவி. அது செய்வது இவ்வளவுதான்: வெளியிட அனுமதி இருக்கிறதா என்று சரிபார்க்கும். கடைசி வெளியீடு எது என்று பார்க்கும். அதன் பிறகு வந்த கமிட் செய்திகளை எல்லாம் படிக்கும். அவற்றில் மிகப் பெரிய மாற்றம் எதுவோ அதற்கேற்ப எண்ணைக் கூட்டும். மாற்றக் குறிப்பு எழுதும். எண்ணை முத்திரையாகப் பதிக்கும். வெளியிடும். பிறகு எல்லோருக்கும் அறிவிக்கும். ஆவணத் திருத்தம் மட்டும் இருந்தால் வெளியீடே கிடையாது. காட்சியிலிருந்து வாழ்த்து வரை ஆறு படிகள் சொன்னேனே, அது இங்கே நினைவுக்கு வந்தால் நான் பொறுப்பல்ல!

இதில் எனக்குப் பிடித்தது ஒன்று உண்டு. எண் போடுவதில் மனித ஆசைகள் நுழையும். '5.0 என்று போட்டால் விளம்பரம் கிடைக்கும்' என்று ஒருவர் நினைப்பார். 'முதல் எண்ணைக் கூட்டினால் பயந்துவிடுவார்கள், சத்தமில்லாமல் 4.2.8 என்றே போடு' என்பார் இன்னொருவர். இயந்திரத்துக்கு இந்த ஆசை கிடையாது. எழுதியதைப் படிக்கும், விதிப்படி போடும்.

எழுதியதை மட்டும்தான் படிக்கும்

ஆனால் அந்தப் பலத்திலேயே பலவீனமும் இருக்கிறது. இயந்திரம் அந்த முதல் சொல்லை நம்புகிறது. அது உண்மையா என்று அதற்குத் தெரியாது.

மறுபடி நம் எழுத்தெண்ணும் லைப்ரரி. 'பக்ஷி'யை இதுவரை ப, க், ஷி என்று மூன்றாக எண்ணிவந்தது. க்ஷ ஓர் எழுத்துதான் என்று முடிவு செய்து இரண்டாக்குகிறீர்கள். உங்களுக்கு அது பிழை திருத்தம். 'ஃபிக்ஸ்' என்று மனதாரத்தான் எழுதுகிறீர்கள். கடைசி எண் மட்டும் கூடுகிறது. அதை நம்பிக் குறுக்கெழுத்துப் புதிர் செய்பவருக்கோ கட்டங்கள் எல்லாம் குலைந்துபோகின்றன. பொய் எதுவும் இல்லை. ஆனாலும் வீடு இடிந்தது. ஆக, வகைப்படுத்துவது என்பது தட்டச்சு வேலை இல்லை. இந்த மாற்றம் யாரைப் போய்த் தொடும் என்று யோசித்துச் சொல்லும் தீர்ப்பு.

தெரிந்தே செய்ததும் உண்டு. 2022 ஜனவரியில் 'கலர்ஸ்' என்ற ஜாவாஸ்கிரிப்ட் லைப்ரரியின் ஆசிரியரே, முடிவில்லாமல் சுற்றும் ஒரு நிரலை அதில் சேர்த்து வெளியிட்டார். பெரிய நிறுவனங்கள் இலவச உழைப்பை உறிஞ்சுகின்றன என்பது அவர் கோபம். கோபத்தில் நியாயம் உண்டா என்பது வேறு விவாதம். அந்த வெளியீடுகளில் ஒன்றின் எண் 1.4.1. சின்னப் பழுதுநீக்கம் என்று அந்த எண் சொன்னது. அதை நம்பிப் பல கணினிகள் தானாக எடுத்துக்கொண்டன. அமேசானின் மென்பொருள் கருவிகள்கூடப் பாதிக்கப்பட்டன.

2024 மார்ச்சில் நடந்தது இதைவிடப் பெரியது. லினக்ஸில் எங்கும் பயன்படும் 'எக்ஸ்இசட்' என்ற சுருக்கும் மென்பொருள். களைத்துப்போயிருந்த ஒரே ஒரு பராமரிப்பாளருக்கு உதவ வந்த 'ஜியா டான்' என்ற பெயர்க்காரர், இரண்டு ஆண்டுகளுக்கும் மேல் பொறுமையாக வேலை செய்து நம்பிக்கை பெற்றார். பிறகு 5.6.0, 5.6.1 பதிப்புகளில் கள்ளக்கதவு வைத்தார். கவனியுங்கள்: அந்தக் கதவைத் திறந்துவிடும் முக்கியமான துண்டு கிட் பதிவேட்டில் இல்லை. கையால் கட்டி வெளியிட்ட பொட்டலத்தில் மட்டும் இருந்தது. கல்லில் இல்லாத வரி மைப்படியில் மட்டும் இருந்தது என்று சொன்னால் கல்வெட்டு அன்பர்களுக்குப் புரியும். ஆண்ட்ரஸ் ஃப்ராய்ண்ட் என்ற பொறியாளர், உள்நுழைய அரை விநாடி கூடுதலாக ஆகிறதே என்று சந்தேகப்பட்டுத் துருவியதால்தான் அது வெளியே வந்தது.

அப்படியானால் எல்லாவற்றையும் பதிவேட்டிலிருந்து இயந்திரமே கட்டட்டும், கையால் கட்டவே வேண்டாம் என்று முடிவுக்கு வருவோம். ஓரளவு சரி. எந்தக் கமிட்டிலிருந்து எந்தப் பொட்டலம் கட்டப்பட்டது என்று சான்று சேர்க்கும் வசதியை என்பிஎம் 2023-ல் தொடங்கியது. ஆனால் 2025 ஆகஸ்டில் 'என்எக்ஸ்' என்ற கருவிக்கு நடந்ததையும் பாருங்கள். வரும் மாற்றங்களின் தலைப்பு ஒழுங்காக எழுதப்பட்டிருக்கிறதா என்று சரிபார்க்கத் தானியங்கி ஏற்பாடு ஒன்று அங்கே இருந்தது. திருடர்கள் தலைப்பிலேயே ஒரு கட்டளையை எழுதி அனுப்பினார்கள். சரிபார்க்க வேண்டிய இயந்திரம் அதைப் படிப்பதற்குப் பதிலாக நிறைவேற்றிவிட்டது. அதன் வழியே வெளியீட்டுச் சாவி களவு போய், நச்சுப் பதிப்புகள் வெளியாகின. ஒழுங்கைக் காக்க வைத்த காவலாளியே வாசலைத் திறந்துவிட்ட கதை.

இரண்டையும் சேர்த்துப் பார்த்தால் எனக்குத் தோன்றுவது இது. இயந்திரத்திடம் எண் போடும் வேலையைக் கொடுக்கலாம். முத்திரை மோதிரத்தைக் கொடுக்கும்போது, யார் சொல்லி அது முத்திரை குத்துகிறது என்று பார்க்க ஓர் ஆள் வேண்டும். அந்த ஓர் ஆளும் தனியாளாக, சம்பளமில்லாமல், களைத்துப்போய் இருக்கக் கூடாது. தமிழுக்காக எழுதப்படும் கருவிகள் பலவும் ஓரிருவர் தோளில்தான் நிற்கின்றன. கணினி படித்த நம் பிள்ளைகள் மாதம் ஒரு மணி நேரம் அதில் ஒன்றைப் படித்துச் சரிபார்த்தாலே பெரிய தொண்டு.

என் மாணவர்களுக்கு

ஓசூரிலும் பெங்களூரிலும் சென்னையிலும் வேலை பார்க்கும் பிள்ளைகளே, "நம்பர் போடுறதும் மெஷின், கோடு எழுதறதும் மெஷின், இனி நமக்கு என்ன வேலை சார்?" என்று சிலர் கேட்கிறீர்கள். பயம் எனக்குப் புரிகிறது. நிரலை யார் எழுதினாலும், 'நான் மாற்றியது இது, இன்ன காரணத்துக்காக, இன்னாருக்கு இதனால் சிரமம் வரலாம்' என்று உண்மையாகச் சொல்லும் பொறுப்பு அந்தப் பெயரில் கையெழுத்திடுபவருடையது. அந்த ஒரு வரியை அசட்டையாக எழுதாதீர்கள். அந்த வரியைத்தான் முகம் தெரியாத ஆயிரம் பேர் நம்பித் தங்கள் வீட்டில் கதவு மாட்டுகிறார்கள்.

ஊரில் இருப்பவர்களுக்கும் ஒரு வேண்டுகோள். ஏரிக்கரையிலோ வயலிலோ இருக்கும் நடுகல்லைச் சாலைப் பணிக்காகவோ கோயில் திருப்பணிக்காகவோ இடம் மாற்றுவதை நான் பலமுறை பார்த்திருக்கிறேன். நல்லெண்ணத்தில்தான் செய்கிறார்கள். ஆனால் எங்கிருந்து, எந்தத் தேதியில், யார் எடுத்து வைத்தார்கள் என்று ஒரு வரிகூட எழுதி வைப்பதில்லை. அடுத்த தலைமுறை, சண்டை நடந்ததே கோயில் வாசலில்தான் என்று நினைத்துக்கொள்ளும். முடிந்தவரை கல்லை நகர்த்தாதீர்கள். நகர்த்தியே ஆக வேண்டுமென்றால் தொல்லியல் துறைக்குச் சொல்லுங்கள். கைப்பேசியில் படம் எடுத்து, இடம், தேதி, பெயர் மூன்றையும் குறித்து வையுங்கள்.

உங்கள் ஊரில் எழுத்துள்ள கல் ஏதாவது இருந்தால் படத்தோடு கீழே எழுதுங்கள். சுண்ணாம்போ எண்ணெயோ மட்டும் பூசிவிடாதீர்கள். மைப்படி எடுப்பது எப்படி என்று அடுத்த பதிவில் எழுதுகிறேன்.